முன்னறையில் ஒரு தாடை

எங்கள் வீட்டு முன்னறையில் என் புருஷனுடைய தாடை வளர்ந்துகொண்டிருந்தது. வளர்ந்துகொண்டிருந்தது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். கண்ணாடித் தொட்டிக்குள், நீல விளக்குக்குக் கீழே, வாடகை கொடுக்காத குடித்தனக்காரனைப் போல அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். நேற்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும்.

என் புருஷன் இன்னாசி தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவர். ஆளில்லாப் படகுகள் தாமாகக் கடலுக்குப் போய்த் திரும்புகிற காலம் வந்துவிட்டது. மீனுக்கு விலை ஏற்ற மட்டும் இன்னும் மனுஷ வாய்தான் வேண்டியிருக்கிறது. அவர் வாய் லேசுப்பட்டதில்லை. ஒரு கூடை ஊளி மீனை நடுவில் வைத்துக்கொண்டு, சுற்றி நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கிண்டலடிப்பார். அவர்கள் சிரித்து முடிப்பதற்குள் விலை ஏறியிருக்கும். அந்த வாய்க்குத்தான் கட்டி வந்தது. உயிரை எடுக்கிற கட்டி இல்லை, ஆனால் கீழ்த்தாடையின் இடது பாதியைத் தின்றுவிட்டது. அறுத்து எடுத்துவிட்டு எஃகுத் தகடு ஒன்றை வைத்தார்கள். அது கொஞ்ச காலத்திலேயே கன்னத்துத் தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம் என்றால், சர்க்கரை வியாதியில் காலின் ரத்தக்குழாய்கள் கெட்டுப்போயிருந்தன.

அதனால்தான் பவளம்.

“கடல்ல வளர்ற அதே பவளம்தாம்மா,” என்று டாக்டர் கோமதி எனக்கு விளக்கினார். “அதோட கூடும் நம்ம எலும்பும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், உள்ள பூரா சின்னச் சின்ன துவாரம். இதுக்குள்ள உங்க வீட்டுக்காரர் உடம்புல இருந்து எடுத்த ஒரு மரபணு இழையச் சேத்திருக்கோம். அதனால உடம்பு இத வெளியாள்னு நினைச்சு விரட்டாது. தாடை மாதிரியே அச்சு செஞ்சு தருவோம். அது மேல படர்ந்து வளரும்.”

“அத ஆஸ்பத்திரியிலயே வளத்துக் குடுத்தா என்ன டாக்டர்?”

“முதல்ல அப்படித்தான் செஞ்சோம். ஒரு தொட்டிக்கு வெள்ளை நோய் வந்துச்சு. ஒண்ணுல இருந்து ஒண்ணு பரவி, அங்க இருந்த அத்தன பேரோட எலும்பும் போச்சு. அதுக்கப்புறம்தான் வீட்டுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுக்கோம்.”

பிறகு அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “கன்னத்துச் சதை சுருங்கிக்கிட்டே வருதும்மா. ஆடியில மாதா கோயில் திருவிழாக் கொடியேத்தத்துக்கு முன்னால பொருத்தியாகணும். அதுக்கு மேல போனா சதை இடம் குடுக்காது. தகட்டையும் எடுத்தாகணும். அப்புறம் ஆயுசுக்கும் கஞ்சிதான். பேச்சு, இப்ப வர்ற அளவுக்குக்கூட வராது.”

இப்போது வருகிற பேச்சே எனக்கு மட்டும்தான் புரியும். வாயில் சூடான கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போல இருக்கும். ஆகவே, அவர் பேசியதாக நான் இங்கே எழுதுவதெல்லாம் என் மொழிபெயர்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி வந்தது, கூடவே விதிகளும் வந்தன. அறை எப்போதும் குளிர்ந்திருக்க வேண்டும், ஏசியை அணைக்கக் கூடாது. ஜன்னலைத் திறக்கவே கூடாது, உப்பளத் தூசியும் அனல்மின் நிலையத்துச் சாம்பலும் தண்ணீரில் விழுந்தால் ஆகாது. தொட்டிக்கு உப்பு எங்கிருந்தோ வாளியில் அடைத்து வந்தது. நான் உப்பு ஆலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் மேற்பார்வை பார்க்கிறவள். ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாய்க் குவித்து வைத்திருக்கிறார்கள். தூத்துக்குடியில் வெளியூரிலிருந்து உப்பு வரவழைத்த ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

எங்கள் தெரு வீடுகளெல்லாம் சேர்ந்து ஒரே அன்பியம், கோயில் பிரித்து வைத்த செபக்குழு. வாரத்துக்கு ஒருநாள் யார் வீட்டிலாவது கூடிச் செபமாலை சொல்வோம். யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லை என்றால் அந்த வீட்டில் தினமும் கூடுவோம். இன்னாசி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே சாயங்காலம் தவறாமல் வந்துகொண்டிருந்தார்கள். தொட்டி வந்தபின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்த கூட்டம் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. நோயாளியைப் பார்க்க வந்தால் ஹார்லிக்ஸ் வாங்கி வரலாம், ஆப்பிள் வாங்கி வரலாம். “இதுக்கு என்னட்டி வாங்கிட்டு வரணும்?” என்று தொட்டியைக் காட்டி என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

பெண்கள் தொடையோடு தொடை இடித்துக்கொண்டு தரையில் உட்காருவார்கள், மடியில் பிள்ளைகள். ஆண்கள் சுவரை ஒட்டி நிற்பார்கள். மேஜை மேல் வரிசையாய் மெழுகுதிரி எரியும். குளிர் வெளியே போய்விடாமல் கதவை இறுகச் சாத்திவிடுவோம். சித்திரை வெயிலில் அந்த ஏசிக்காகவும் சிலர் வந்திருப்பார்கள் என்று நான் நினைத்ததுண்டு. அதைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லிவிட்டேன்.

செபத்தை நடத்துகிறவர் மர்கரீத்தா மைனி, என் புருஷனின் அக்கா. மீன் வியாபாரம். தம்பி கூறும் ஏலத்தில் முதல் ஆளாக நின்று அடிமாட்டு விலை கேட்பார். அவர் குரலுக்கு மைக் தேவையில்லை, மைக்குக்குத்தான் அவர் குரல் தேவை.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு இன்னாசி வாசலைத் தாண்டியதே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கன்னத்தைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டுதான் ஆட்டோவில் ஏறுவார். அந்தத் துண்டை அவர் அவிழ்க்கிற ஒரே நேரம் இந்தச் செப நேரம்தான். அறையில் நீல வெளிச்சம் மட்டும் இருக்கும். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள், மீதிப் பேர் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரும் தன்னைப் பார்க்காத கூட்டத்துக்கு நடுவில் அவர் கொஞ்ச நேரம் சாதாரண மனுஷனாக உட்கார்ந்திருப்பார். அதற்காகவே அவர்கள் ஒவ்வொருவர் காலிலும் விழலாம் என்று எனக்குத் தோன்றும்.

சனிக்கிழமைதோறும் நிலோஃபர் வருவாள். காயல்பட்டினத்துப் பெண், கடலைப் பற்றிப் படித்தவள், ஆஸ்பத்திரி கொடுத்த தொட்டிகளையெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவள் வேலை. சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறத்தைப் பார்ப்பாள். உப்பு சரி. சுண்ணாம்புச் சத்து சரி. விளக்கு சரி. தண்ணீரைச் சுழற்றும் மோட்டார் சரி. பவளம் மட்டும் வளரவில்லை.

“மத்த வீடுகள்ல எல்லாம் அச்ச பாதி மூடிருச்சுக்கா,” என்றாள் ஒருநாள். அவள் முகம் வாடியிருந்தது. “இங்க ஓரத்துலயே நிக்குது. தண்ணி எப்பவும் புளிப்புப் பக்கமாச் சாயுது. ஏன்னுதான் புரியல.”

“புளிக்கா? உப்புத்தண்ணி எப்படிப் புளிக்கும்?”

“நம்ம நாக்குக்குத் தெரியாது. அதுக்குத் தெரியும். தண்ணி புளிச்சா அதால சுண்ணாம்பக் கல்லாக் கட்ட முடியாது. யாராவது தண்ணில எதையாவது ஊத்துறாங்களா?”

எனக்குச் சட்டென்று ஒரு பிளாஸ்டிக் மாதா சுரூபம் ஞாபகம் வந்தது. தலையில் நீல மூடி, உள்ளே தீர்த்தம். மைனியின் பையில் எப்போதும் இருப்பது. அன்றைக்குச் சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் பிடித்துக்கொண்டேன்.

“மைனி, தொட்டியில தீர்த்தம் ஊத்துனியளா?”

“ஊத்துனேன். ஒரு மூடி. அதுக்கென்ன?”

“அதுக்கென்னவா? உங்க தம்பி தாடை மைனி அது!”

“அதனாலதானட்டி ஊத்துனேன். ஊரான் தாடைக்கா ஊத்துவேன்?”

கிளம்பிக்கொண்டிருந்த நிலோஃபர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். “பெரியம்மா ஊத்துன ஒரு மூடி இவ்வளவு பெரிய தொட்டியில ஒண்ணும் செய்யாதுக்கா. கெட்டதும் செய்யாது, நல்லதும் செய்யாது.”

“நல்லது செய்யாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?” என்று மைனி அவளையும் ஒரு பிடி பிடித்தார்.

புனித வாரம் வந்தது. எல்லோரும் மாலையில் கோயிலுக்குப் போய்விட்டதால் எங்கள் வீட்டில் செபம் இல்லை. அதே வாரம் தெருமுனையில் டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனது. தொட்டியின் விளக்குக்கும் மோட்டாருக்கும் பேட்டரி இருந்தது, ஏசிக்கு இல்லை. விதியாவது ஒன்றாவது என்று ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன். மீன் கம்பெனியிலிருந்து ஐஸ் வாங்கி, பாட்டில்களில் அடைத்து, தொட்டிக்குள் மிதக்க விட்டேன். சாம்பல் விழுந்தால் விழட்டும், வெந்துபோகாமல் இருந்தால் சரி என்று நானும் இன்னாசியும் மாறி மாறிக் காவல் இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை நிலோஃபர் பயந்துகொண்டே வந்தாள். தொட்டிக்குள் குனிந்து பார்த்தவள் நிமிரவே இல்லை.

“அக்கா, இங்க வாங்க. ஓரத்துல வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? புதுசு. இந்த வாரம் வளந்தது. என்ன குடுத்தீங்க?”

“ஒண்ணும் குடுக்கல. அதுவும் எங்ககூடச் சேந்து பட்டினி கிடந்துச்சு.”

வேறு என்ன மாறியது என்று இருவரும் யோசித்தோம். கரண்ட் இல்லை. ஏசி இல்லை. ஜன்னல் திறந்திருந்தது. யாரும் வரவில்லை. யாரும் வரவில்லை என்பதை நான்தான் சொன்னேன். சொன்னதும் அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து கரண்டும் வந்து செபம் மறுபடி தொடங்கியபோது, நிலோஃபரும் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களோடு தரையில் உட்கார்ந்தாள். அவள் உள்ளங்கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கருவி, காற்றை அளக்கிறது. செபமாலையில் ஒவ்வொரு பத்து மணி முடியும்போதும் அதைப் பார்த்தாள். முடிந்ததும் என்னை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா.”

“எப்படியாவது சொல்லு பிள்ள.”

“மூச்சுக்கா. நாம எல்லாரும் விடுற மூச்சு. சோடாவுல அடைக்கிறாங்கல்ல, அதே வாயுதான் நம்ம மூச்சுலயும் வருது. மெழுகுதிரியில இருந்தும் வருது. கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கு. இத்தன பேர் உக்காந்திருக்கோம். அது எங்க போகும்? தண்ணில இறங்குது. நாம எல்லாருமாச் சேந்து தொட்டிய சோடாவா மாத்திக்கிட்டிருக்கோம். மறுநாள் மத்தியானம் வரைக்கும் அந்தப் புளிப்பு போறதில்ல. போறதுக்குள்ள அடுத்த செபம் வந்துருது.”

“செபம் சொல்லுததால எலும்பு வளரலன்னா சொல்லுத?”

“செபம் இல்லக்கா, மூச்சு. அவங்க உக்காந்து கேரம் போர்டு ஆடியிருந்தாலும் இதேதான்.”

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஜன்னலைச் சாத்தி வை என்று விதி எழுதின புண்ணியவான் வீட்டுக்கு யாருமே வரமாட்டார்கள் போலிருக்கிறது. ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் தெருவே வந்து உட்காரும் என்பது அந்த ஆளுக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கோ, கும்பிட்டுக் கும்பிட்டு அந்த எலும்பை அரித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தோன்றவில்லை.

நிலோஃபர், தொட்டிக்குள் காற்று ஊதும் மோட்டாருக்கு ஒரு நீளக் குழாயைப் பொருத்தி அதன் வாயை மொட்டைமாடியில் விட்டாள். கொஞ்சம் பலன் இருந்தது, போதவில்லை. “ஆள் இல்லாம, ஜன்னலத் திறந்து வச்சாத்தான் கொடியேத்தத்துக்குள்ள முடியும். தூசிக்கு வலை கட்டித் தர்றேன், சூட்டுக்கு ஐஸ் பாட்டில் போடுங்க,” என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு மத்தியானம் இன்னாசிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“வராதீங்கன்னு அவங்ககிட்டச் சொல்லாத.”

“சொல்லாம? கொடியேத்தத்துக்கு எத்தன நாள் இருக்கு?”

“ஆளில்லாம இந்தத் தாடைய வச்சுக்கிட்டு நான் யார்ட்டப் பேச?”

“தாடையில்லாம ஆள வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறிய?”

“கேட்டுக்கிட்டாவது இருப்பேன்,” என்றார்.

“அப்ப செபத்த வேற வீட்டுல வைக்கச் சொல்லுதேன். நீங்களும் போய் உக்காருங்க.”

“இந்த மூஞ்சியோடயா?” அவர் துண்டை எடுத்துக் கன்னத்தில் சுற்றிக்கொண்டார். நான் அடுக்களையில் போய் அழுதேன். அவர் சொன்னது நியாயம்தான், அதனால்தான் அழுகை வந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகும் வழியில் மீன் சந்தைக்குப் போனேன். மைனி ஒரு பெரிய சீலா மீனை வெட்டிக்கொண்டிருந்தார். நிலோஃபர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சோடாவைச் சொன்னேன், கேரம் போர்டையும் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த கை நின்றது.

“நாங்க விட்ட மூச்சா அவன் எலும்ப அரிச்சுது?”

“தெரியாமத்தான மைனி.”

ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் மறுபடி மீனை வெட்டத் தொடங்கினார். மைனி சத்தம் போடாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று சாயங்காலம் யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தலையை அசைத்துவிட்டு நகர்ந்தார்கள். திறந்த ஜன்னல் வழியாகக் காற்று நன்றாக வந்தது, தொட்டித் தண்ணீர் தெளிந்தது. இன்னாசி துண்டை அவிழ்க்காமல் அதன் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னோடு பேசுவதில்லை. ஒரு எலும்புக்காக ஒரு தெருவையே தொலைத்துவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

அந்த வார இறுதியில் ஒரு சாயங்காலம் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பந்தல் கடைக்காரன் தட்டுவண்டியில் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தான். நடுத்தெருவில் மைனி இடுப்பில் கைவைத்து நின்று அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

“ஏய், அந்தப் பக்கம் போடாத! காத்து எங்க இருந்து அடிக்கு? மேக்க இருந்து கச்சான் வீசுதுல்லா? எல்லாரும் கிழக்க உக்காருங்க. அப்பத்தான் நம்ம மூச்சு அவன் வீட்டுக்குள்ள போகாது.”

வெட்டவெளியில் அதெல்லாம் தேவையே இல்லை. நிலோஃபர் பிற்பாடு அதைச் சொன்னபோது மைனி, “இருந்தாலும்” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். ஆனால் அன்றைக்கு எங்கள் அன்பியம் முழுக்க, பிள்ளைகளோடு, மெழுகுதிரியோடு, காற்றுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சரிபார்த்துச் சரிபார்த்து இடம் மாறி உட்கார்ந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. அத்தனை நாளும் வெட்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

“ஏல இன்னாசி!” மைனியின் குரல் தெருக்கோடிக்குப் போனது. “ஒனக்குத்தானல செபம்? நாங்க தெருவுல, நீ உள்ளயா? வால வெளிய!”

அவர் வாசற்படிவரை வந்தார். சாயங்கால வெயில் முகத்தில் அடித்தது. நீல விளக்கு இல்லை, யாரும் கண்ணை மூடியிருக்கவும் இல்லை. தெருவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பி உள்ளே போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன்.

“துண்ட எடுல,” என்றார் மைனி. “என்னமோ முந்தி லெச்சணமா இருந்த மாதிரி மூடி வச்சிருக்க!”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அப்புறம் எல்லோருமே சிரித்தார்கள். இன்னாசியின் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் போய்ப் பார்த்தேன், சிரித்துக்கொண்டிருந்தார். பாதித் தாடையோடு, ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, எச்சில் வழிய. துண்டை அவிழ்த்து வாயைத் துடைத்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மைனி மங்கள வார்த்தை செபத்தைத் தொடங்கினார். நான் வாசலில் நின்று, யாருக்கு என்று தெரியாமல், நன்றி நன்றி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அதற்கப்புறம் பவளம் வளர்ந்த வேகத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வெள்ளைக் கோடு நகர நகர அச்சு மூடிக்கொண்டு வந்தது. தினமும் செபம் முடிந்ததும் ஒரே ஒரு ஆள் உள்ளே வந்து பார்க்கலாம் என்று மைனி சட்டம் போட்டார். அப்படி வந்தவர்கள் எல்லோரும் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்கிக்கொண்டு வந்தார்கள். கண்ணைப் பிதுக்கிக்கொண்டு தொட்டியைப் பார்த்துவிட்டு, வெளியே ஓடிப் போய் மூச்சு வாங்கிக்கொண்டு, “வளந்திருக்கு! வளந்திருக்கு!” என்று கத்துவார்கள். இன்னாசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

பவளம் வளர்ந்து முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று அவர் தொட்டிக் கண்ணாடியில் கைவைத்து நெடுநேரம் நின்றார். எங்களுடையது பழைய வீடு, சுவர் பவளக்கல். தீவுகளிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து கட்டிய காலத்து வீடு. “ஒரு வார்த்த கேக்காம அத்தனையும் வெட்டி எடுத்தோம்,” என்றார். “அது எனக்குத் தாடை கட்டித் தருது பாரு.” பவளத்துக்கும் அவர் நன்றி சொன்னார். என் மொழிபெயர்ப்பு இல்லாமலே அதற்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் பொருத்தினார்கள். திருவிழா வேட்டுச் சத்தம் கேட்டபோது அவர் முகம் முழுக்கக் கட்டோடு படுத்திருந்தார். சதை இடம் கொடுத்துவிட்டது என்றார் டாக்டர் கோமதி.

இன்னாசி தேறி, புதுப் பல் வைத்து, “கித்தேரி” என்று என் பெயரைப் பிசிறில்லாமல் சொல்லப் பழகிய பிறகு, காலித் தொட்டியை எடுத்துப்போக நிலோஃபர் வந்தாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“அக்கா, மூச்சுதான் கெடுத்துச்சுன்னு அன்னைக்குச் சொன்னேன்ல. நான் சொன்னது பாதிதான்.”

“மிச்சப் பாதி என்ன?”

“பவளம் எத வச்சுக் கல்லு கட்டுதுன்னு நினைக்கிறீங்க? சுண்ணாம்பு ஒரு பங்கு. மிச்சம் தண்ணில கரைஞ்ச அதே வாயுதான். அளவுக்கு மிஞ்சினா அதால கட்ட முடியாது. ஆனா அது இல்லாமயும் கட்ட முடியாது. பொருத்துறப்ப வெட்டி மிஞ்சின துண்ட ஆஸ்பத்திரியில சோதிச்சாங்க. உப்புல இருந்து வந்தது வேற, மூச்சுல இருந்து வந்தது வேறன்னு பிரிச்சுப் பாக்கலாம். சார் தாடையில அடிப்பகுதி, அந்த முதல் மாசங்கள்ல கொஞ்சங் கொஞ்சமா வளந்தது இருக்குல்ல, அதுல நிறைய மூச்சு இருக்குக்கா.”

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். “யாரோட மூச்சு?”

“நீங்கதான் சொல்லணும். உங்க வீட்டுல யார் வந்து உக்காந்தாங்க?”

இன்னாசி கன்னத்தில் கைவைத்துக்கொண்டு கேட்டார். “எப்பவும் இருக்குமா அது?”

“இருக்காது சார். உங்க உடம்பு அதக் கொஞ்சங் கொஞ்சமாக் கரைச்சு, அந்த இடத்துல சொந்த எலும்பக் கட்டிக்கும். வருஷக்கணக்காகும். உங்க எலும்பு வந்து சேர்ற வரைக்கும் அவங்க மூச்சுதான் தாங்கும்.”

இன்னாசி எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். நான் இன்னொரு டம்ளர் டீ போடுகிற சாக்கில் அடுக்களைக்குப் போனேன்.

அவர் மறுபடி ஏலத்துக்குப் போன முதல் நாள் நான் ஆலைக்கு லீவு போட்டுவிட்டுத் துறைமுகத்துக்குப் போனேன். குரல் முன்னைப்போல் இல்லை, கொஞ்சம் கட்டையாக இருந்தது. ஆனால் வார்த்தை தெளிவாக வந்தது. நடுவில் ஒரு கூடை ஊளி மீன். முதல் ஆளாக மைனி நின்றார்.

“ஆயிரம்!” என்று அடிமாட்டு விலை கேட்டார். கூட்டம் சிரித்தது.

“எக்கா,” என்றார் இன்னாசி, கூடைக்கு மேலே நிமிர்ந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “ஒன் மூச்சுதான் என் தாடையத் தாங்குதுன்னு ஆஸ்பத்திரியிலயே கண்டுபிடிச்சுட்டாங்க. அதுக்காக ஊளிய ஆயிரத்துக்குத் தர முடியாது!”

“என்னல உளறுத?”

அவர் சொன்னார். நிலோஃபர் சொன்னதை அப்படியே, ஏலக் குரலில், மீன் வாங்க வந்த அத்தனை பேருக்கு முன்னாலும் சொன்னார். எங்கள் தெருக்காரர்கள் ஒவ்வொருவர் பெயரையும் விலை கூறுவது போலக் கூறிக்கொண்டே வந்தார். ஒரு பெயரைக்கூட விடவில்லை. மைனி சேலை முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“ரெண்டாயிரம்!” என்றார் மைனி திடீரென்று.

“ஒன்ன எதுத்து யாரும் கேக்கலியேக்கா. நீயே ஏன் ஏத்துத?”

“ஏத்துவேன். மூவாயிரம்! நீ கூவுல. எனக்குக் கேக்கணும்.”

அவர் கூவினார். எதிர்த்துக் கேட்க ஆளே இல்லாமல் அந்தக் கூடையின் விலை ஏறிக்கொண்டே போனது, சுற்றி நின்றவர்கள் யாரும் குறுக்கிடவில்லை. சாயங்காலம் மைனி அந்த மீனில் குழம்பு வைத்து, சட்டியோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இன்னாசி ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்து, இடது பக்கமாக ஒதுக்கி, மெதுவாக மென்று சாப்பிட்டார்.